தோள்பட்டை எறங்கிடுச்சுன்னா மலையில எங்க போறது?

எங்க மலையில யாராவது டீக்காட்டுச் சரிவுல வழுக்கி விழுந்து கைய தூக்க முடியாம உக்காந்துட்டா, சுத்தி நிக்கிற பத்து பேரும் பத்து விதமா பேசுவாங்க. சுளுக்குன்னு ஒருத்தர், நரம்பு பெரண்டுடுச்சுன்னு ஒருத்தர், எலும்பு போச்சுன்னு ஒருத்தர், "அதெல்லாம் ஒண்ணுமில்ல, தோள்பட்டை எறங்கிருக்கு, ஒரே இழுப்பு இழுத்தா உக்காந்துக்கும்"னு ஒருத்தர். இந்தக் கடைசி ஆளு பெரும்பாலும் சொல்றதோட நிக்க மாட்டார், இழுத்தும் பாத்துருப்பார். அப்புறம் எங்க கூட்டிட்டுப் போறதுன்னு அரை மணி நேரம் பஞ்சாயத்து. பக்கத்து ஜிஎச்சா, ஊட்டியா, இல்ல நேரா கோயமுத்தூரா, இல்ல கட்டு போடுற வைத்தியரான்னு பேசி முடிக்கிறதுக்குள்ள கீழ உக்காந்திருக்கறவன் மொகம் வெளுத்துப் போயிருக்கும்.

நான் டாக்டர் இல்லங்க, எக்ஸ்ரே எடுக்குறவன். இருபது வருஷத்துக்கு மேல நீலகிரியில எக்ஸ்ரே ரூம்லதான் என் பொழப்பு ஓடுது. தோள் கழண்டு வர்றவங்க முதல்ல நிக்கிறது என் முன்னாடிதான், அவங்க எங்கெங்க சுத்திட்டு வந்தாங்கன்னு ஃபிலிம்லயே பாதி தெரிஞ்சுடும். பெரிய ஆஸ்பத்திரி எதுன்னு தேடுறதவிட, பக்கத்துல எங்க எக்ஸ்ரேவும் கழண்ட தோளத் திரும்ப இடத்துல போடத் தெரிஞ்ச டாக்டரும் மயக்க ஊசி குடுத்துப் பாத்துக்க ஆளும் ஒண்ணா இருக்காங்கன்னு தேடுங்க. அது ஏன்னு புரியணும்னா தோளுக்குள்ள என்ன இருக்குன்னு மொதல்ல பாக்கணும்.

எலுமிச்சம்பழமும் ஸ்பூனும்

பள்ளிக்கூடத்துல விளையாட்டு விழாவுக்கு எலுமிச்சை ஸ்பூன் ஓட்டம் வைப்பாங்கல்ல, வாயில ஸ்பூன கவ்விக்கிட்டு அதுல எலுமிச்சம்பழத்த வச்சுட்டு ஓடணும். உங்க தோள் மூட்டு கிட்டத்தட்ட அதுதான். மேல்கை எலும்போட தலை உருண்டையா இருக்கும், அதுதான் எலுமிச்சம்பழம். முதுகுப்பக்கம் முக்கோணமா ஒரு தட்டை எலும்பு இருக்குல்ல, அதோட ஓரத்துல ஆழமே இல்லாத ஒரு சின்ன குழி இருக்கு, அதுதான் ஸ்பூன்.

இடுப்பு மூட்ட எடுத்துக்குங்க, அது ஆட்டுக்கல்லும் குழவியும் மாதிரி. குழி ஆழம், குழவி பாதிக்கு மேல உள்ள உக்காந்திருக்கும், லேசுல வெளிய வராது. ஆனா இடுப்ப வச்சு முதுகு சொறிய முடியாது, பரண்ல இருக்குற டப்பாவ எடுக்க முடியாது. கை எல்லாப் பக்கமும் சுத்தணும்னா குழி ஆழமா இருக்கக்கூடாது. அந்த சுதந்திரத்துக்குக் குடுக்குற வெலைதான் இது. ஒடம்புல இருக்குற பெரிய மூட்டுகள்ல அதிகமா கழண்டு வர்றது தோள்தான்.

அப்ப அந்த எலுமிச்சம்பழம் தெனமும் ஏன் விழல? மூணு ஏற்பாடு இருக்கு. குழியோட விளிம்பச் சுத்தி ரப்பர் மாதிரி ஒரு வளையம் இருக்கு, தண்ணிக்குடம் தூக்குறப்ப தலையில வைக்கிற சும்மாடு மாதிரி, அதுக்கு லேப்ரம்னு பேரு. மூட்ட மொத்தமா சுத்தி ஒரு உறை இருக்கு. அதுக்கு மேல நாலு தசை நாலு பக்கமும் இழுத்துப் புடிச்சுக்கிட்டு இருக்கும், தேருக்கு முன்னாடி பின்னாடி எல்லாப் பக்கமும் ஆள் நின்னு வடம் புடிக்கிற மாதிரி. இந்த நாலு தசைக்கூட்டத்துக்கு ரொட்டேட்டர் கஃப்புன்னு பேரு. இந்தப் பேர ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில நாப்பது வயசு தாண்டினவங்களப் பத்தி சொல்றப்ப வரும்.

கழண்டா உள்ள நடக்குறது

கைய மேல தூக்கி வெளிப்பக்கமா பின்னாடி திருப்பின நெலமையில ஒரு ஒதை விழுந்தா எலும்புத்தலை குழிய விட்டு முன்னாடி வழுக்கிடும். இதுக்குப் பேருதான் டிஸ்லொகேஷன், நம்ம பாஷையில தோள் விலகல், ஊர் பாஷையில எறங்கிடுச்சு, கழண்டுடுச்சு. நூத்துக்கு தொண்ணூத்தஞ்சு தோள் முன்பக்கமாத்தான் விலகும்.

நம்ம ஊர்ல இது எப்படியெல்லாம் நடக்குதுன்னா, பஸ்ல மேல கம்பியப் புடிச்சுட்டு நின்னுட்டு வர்றப்ப குன்னூர் மேட்டுப்பாளையம் ரோட்டுல 14 கொண்டை ஊசி வளைவுல ஏதோ ஒண்ணுல டிரைவர் சடார்னு திருப்புவார், ஒடம்பு ஒரு பக்கம் போகும், கை கம்பியிலயே நிக்கும். சரிவுல கால் வழுக்குறப்ப செடியப் புடிச்சுத் தொங்கினாலும் அதே கதைதான். வாலிபால்ல ஸ்மாஷ் அடிக்கிற பசங்க, காட்டுமாடு குறுக்க வந்து வண்டியோட விழுறவங்கன்னு இன்னும் நெறைய.

கழண்ட ஒடனே அந்த நாலு தசையும் பயந்து போய் இறுகிக்கும். வலிக்கிறதால இறுகும், இறுகறதால இன்னும் வலிக்கும். இதுக்கு ஸ்பாஸம்னு சொல்லுவாங்க. மழைக்காலத்துல நம்ம வீட்டு மரக்கதவு ஈரத்துல ஊதிப்போய் சிக்கிக்கும்ல, அத ஒதைச்சுத் தெறக்கப் பாத்தா இன்னும் இறுகும், நிதானமா மெதுவா தூக்கித் தள்ளினா வந்துடும். தோளும் அப்படித்தான். நேரம் ஆக ஆக இறுக்கம் ஜாஸ்தி ஆகும், இடத்துல போடுறதும் அவ்வளவு கஷ்டமாகும். அதனாலதான் நேரம் முக்கியம்ங்கறேன்.

இது வரைக்கும் சொன்னதோட சுருக்கம் என்னன்னா, குழி ஆழமில்ல, புடிச்சு வச்சிருக்கறது தசையும் உறையும்தான், கழண்டதும் அந்தத் தசையே பூட்டு மாதிரி ஆகிடும். பலத்தால அந்தப் பூட்டத் தெறக்க முடியாது.

கழண்டதா, வேற ஏதாச்சுமா

என் ரூம் கதவத் தெறந்துட்டு ஒருத்தர் வர்ற தினுசுலயே எனக்குப் பாதி தெரிஞ்சுடும். அடிபட்ட கையோட முழங்கைய இன்னொரு கையால தாங்கிப் புடிச்சிருப்பார், தலை அந்தப் பக்கமே சாஞ்சிருக்கும், மெதுவா ஒவ்வொரு அடியா எடுத்து வைப்பார். சட்டைய எடுத்துட்டுப் பாத்தா தோள் உருண்டையா இல்லாம ஹேங்கர்ல மாட்டின சட்டை மாதிரி மூலையா நிக்கும், அதுக்குக் கீழ ஒரு பள்ளம் இருக்கும், அக்குள் முன்பக்கம் ஏதோ உருண்டையாத் தட்டுப்படும். அந்தக் கைய மார்மேல மடக்கி இன்னொரு தோளத் தொடச் சொன்னா முடியாது.

சுளுக்குன்னா வலிக்கும், ஆனா உருவம் மாறாது. தோளுக்கு மேல கழுத்தெலும்பு முடியுற எடத்துல மட்டும் ஒரு மேடு தெரிஞ்சா அது வேற மூட்டு. மாசக்கணக்கா கொஞ்சங்கொஞ்சமா கை தூக்க முடியாமப் போறது ஃப்ரோஸன் ஷோல்டர், சுகர் இருக்கறவங்களுக்கு ஜாஸ்தி வரும், அதுக்கு ராத்திரில ஆம்புலன்ஸ் கூப்பிட வேண்டியதில்ல. மூணு வயசுக் கொழந்தையக் கையப் புடிச்சுத் தூக்கினதும் கை தொங்கிடுச்சு, தோள் கழண்டுடுச்சுன்னு ஓடி வருவாங்க, அது பெரும்பாலும் முழங்கை சமாச்சாரம். சின்னப் பசங்களுக்குத் தோள் கழல்றது ரொம்ப அபூர்வம்.

இன்னொண்ணு, அடியே படாம இடது தோள்ல வலி, நெஞ்சு அழுத்தம், வேர்வைன்னா அது எலும்பு கேஸே இல்ல. இதயமா இருக்கலாம். எக்ஸ்ரே கியூவுல நிக்காதீங்க, நேரா கேஷுவாலிட்டி.

ஃபிலிம் மொதல்ல, இழுக்குறது அப்புறம்

இதுலதான் நெறைய பேருக்குக் கோவம் வரும். "பாத்தாலே தெரியுது கழண்டுருக்குன்னு, அப்புறம் எதுக்கு எக்ஸ்ரே, காசு புடுங்கவா"ன்னு கேப்பாங்க. கழண்டுருக்கறது வெளியிலருந்தே தெரியும்தான். ஒடைஞ்சிருக்கறது தெரியாது.

எலும்புத்தலை வழுக்குறப்ப குழியோட விளிம்புல இடிக்கும். அதுல தலையோட ஓரத்துலருந்து ஒரு துண்டு பேந்து வரலாம், குழியோட விளிம்பு பேந்து வரலாம், தலைக்குக் கீழ கழுத்து மாதிரி இருக்குற எடத்துல விரிசல் விட்டிருக்கலாம். கடைசியா சொன்னதுதான் பயம். விரிசலோட இருக்குற எலும்பப் புடிச்சு இழுத்தா தலை அங்கயே நின்னுடும், கை மட்டும் வந்துடும். பத்து நிமிஷத்துல முடிய வேண்டியது ஆபரேஷன்ல போய் நிக்கும். வயசானவங்க எலும்புக்கு இந்த ஆபத்து இன்னும் ஜாஸ்தி.

ஒரு பெரியவர், எழுபது வயசு இருக்கும், வீட்டு வாசப்படில விழுந்து தோள் போச்சுன்னு கட்டு போடுறவர்கிட்ட கூட்டிட்டுப் போயிருக்காங்க. முட்டை வெள்ளைக்கருவும் உளுந்துமாவும் வச்சு மூங்கில் பத்தையோட அழகா கட்டிருந்தார். மூணு வாரம் கழிச்சு கட்ட அவுத்தா கை தூக்க வரல, அப்புறம்தான் எங்ககிட்ட வந்தாங்க. ஃபிலிம்ல பாத்தா எலும்புத்தலை குழியில இல்லவே இல்ல, மூணு வாரமா வெளியிலயே நின்னுட்டு இருந்துருக்கு. மூணு வாரம் தாண்டிட்டா குழிக்குள்ள தழும்புச் சதை வளந்துடும், சும்மா இழுத்துப் போடுறது கஷ்டம், பெரும்பாலும் ஆபரேஷன்ல தெறந்துதான் போடணும். அவரு பேரன் என்கிட்ட "அண்ணா, அன்னிக்கே வந்திருந்தா?"ன்னு கேட்டான். நான் ஃபிலிம் கவர்ல பேர எழுதிட்டு நின்னேன்.

கட்டு போடுறவங்கள நான் கேவலமா பேசல. கை பக்குவம் உள்ளவங்க இருக்காங்க, எங்க அப்பா காலத்துல மலையில அவங்கதான் எல்லாம். ஆனா எவ்வளவு பெரிய கை பக்குவம் இருந்தாலும் தோலுக்கு உள்ள பாக்குற கண்ணு விரல்ல கெடையாது. சினிமால ஹீரோ சுவத்துல மோதி தோளப் போட்டுக்குவாரே, அத நம்பி வந்த ஒரு பையனயும் பாத்துருக்கேன், அவனுக்குத் தோளும் கழண்டிருந்தது, தலையிலயும் ரெண்டு தையல்.

சரி, எங்க போறது

நீலகிரியில ஆறு தாலுக்கா, எல்லாத்துக்கும் நடுவுல மலை. மேப்புல பத்து கிலோமீட்டர்னு காட்டுறது ரோட்டுல முப்பதா இருக்கும். அதனால இங்க கேள்வி எப்பவுமே தூரம் இல்ல, நேரம்.

எஸ்டேட் டிஸ்பென்ஸரி, ஆரம்ப சுகாதார நிலையம் ரெண்டும் தோள் போடுற எடம் இல்ல, பெரும்பாலும் அங்க எக்ஸ்ரே இருக்காது. ஆனா தாலுக்கா ஆஸ்பத்திரி ஒண்ணரை மணி நேரம் தள்ளி இருக்குன்னா வழியில நிறுத்துங்க, ஒரு வலி ஊசி, ஒழுங்கா ஒரு தூளிக்கட்டு, கையில நாடி ஓடுதான்னு ஒரு பார்வை, இது மூணும் அங்க நடக்கும், மிச்சப் பயணத்துக்கு அது எவ்வளவோ மேல். அங்கயே உக்காந்து நாளைக்குப் பாப்போம்னு மட்டும் விட்றாதீங்க.

அடுத்தது தாலுக்கா அளவு ஜிஎச். கோத்தகிரி, கூடலூர், பந்தலூர்ல இருக்கு, குன்னூர்ல லாலி ஆஸ்பத்திரி இருக்கு. சாதாரணமா முன்பக்கம் விலகின தோள், ஃபிலிம்ல ஒடைவு இல்ல, கையில உணர்ச்சி நல்லா இருக்குன்னா அதப் போடுறதுக்குப் பெரிய ஸ்பெஷலிஸ்ட்டே வேணும்னு இல்ல, கேஷுவாலிட்டியில இருக்குற பழகின டூட்டி டாக்டரே போட்டுடுவார். இதத்தான் ஜனங்க நம்ப மாட்டேங்கறாங்க, எலும்பு டாக்டர்தான் வரணும், அதுவும் கோயமுத்தூர்தான்னு அடம்.

அதுக்கும் மேல ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி. காலேஜ் 2022 ஜனவரில தொறந்தது, 700 படுக்கையோட ஆஸ்பத்திரி 2025 ஏப்ரல்ல தொறந்தது. முன்னாடி எல்லாம் கொஞ்சம் சிக்கலான எலும்பு கேஸுன்னாலே மலை எறக்கித்தான் ஆகணும்னு ஒரு நெலமை, இப்ப அந்தக் கணக்கு மாறிருக்கு, ஆனா நம்ம பழக்கம் மாறல, இன்னும் வண்டிய எடுத்தா ஸ்டியரிங் தானா மேட்டுப்பாளையம் பக்கம் திரும்புது.

கோயமுத்தூர் எப்பன்னா, ஒடைவோட கழண்டுருக்கு, போட்டும் உக்காரல, ரத்தக்குழாய் சிக்கல், இல்லன்னா பின்னாடி ஆபரேஷன் வேணும். அதுவும் இங்க ஒரு டாக்டர் பாத்து அனுப்பினா நல்லது. கழண்ட தோளோட 14 கொண்டை ஊசி எறங்குறது என்னன்னு ஒருவாட்டி எறங்கினவங்களக் கேளுங்க, ஒவ்வொரு வளைவுலயும் உசுரு போய் வரும், அதுக்குள்ள ஸ்பாஸம் ஏறிருக்கும். மேலயே போட்டுட்டு எறங்கினா அதே ஆளு வழியில பஜ்ஜி கேட்டுட்டு வருவார். பந்தலூர், சேரம்பாடி பக்கத்துக்காரங்களுக்கு ஊட்டியவிட கேரளா பக்கம் கிட்டமா இருக்கும், எல்லை தாண்டுறதுல ஒண்ணும் தப்பில்ல, அங்க எக்ஸ்ரே இருந்தா போதும்.

எந்த எடமா இருந்தாலும் கெளம்புறதுக்கு முன்னாடி ஒரு போன் போடுங்க. எக்ஸ்ரே இப்ப எடுக்க முடியுமா, தோள் போட டாக்டர் இருக்காரா, மயக்க ஊசி குடுக்கணும்னா பாத்துக்க ஆள் இருக்கா. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல, ஞாயித்துக்கெழமை, கரண்ட் போன மழை நாள், இந்த மூணு நேரத்துலயும் பதில் மாறும். நம்பர் தெரியலன்னா 108 அடிச்சாலே போதும், இங்க 2008லருந்து ஓடுது, பைசா கெடையாது, பக்கத்துல எங்க கொண்டு போகலாம்னு அவங்களுக்குத் தெரியும். சந்தேகம் மட்டும் கேக்கணும்னா 104.

யோசிக்காம கெளம்ப வேண்டிய கேஸ்

இந்தப் பகுதிய மட்டும் நிறுத்திப் படிங்க. அடிபட்ட கையோட மணிக்கட்டுல நாடி தெரியல, விரல் சில்லுன்னு வெளுத்தோ நீலமாவோ இருக்குன்னா ரத்தக்குழாய் நசுங்கிருக்கலாம். மலைக் குளிர்ல எல்லாருக்குமே விரல் சில்லுன்னுதான் இருக்கும், அதனால ரெண்டு கையவும் தொட்டு ஒப்பிட்டுப் பாருங்க, ஒண்ணு மட்டும் வித்தியாசமா இருந்தா 108தான், போன்லயே "கையில நாடி இல்ல"ன்னு சொல்லிடுங்க.

அடுத்தது மரத்துப் போறது. சின்ன வயசுல போட்ட பிசிஜி தடுப்பூசித் தழும்பு மேல்கையில இருக்குல்ல, இடது வலது எந்தக் கைன்னாலும் அந்த எடத்துக்குப் பக்கத்துல வெளிப்பக்கத் தோல விரலால தடவிப் பாருங்க. தோளச் சுத்திப் போற ஒரு நரம்புக்கு அந்த எடம்தான் ஜன்னல். அங்க மரத்திருந்தா அந்த நரம்பு இழுபட்டிருக்கு. பெரும்பாலும் நாளாவட்டத்துல சரியாகிடும், ஆனா போடுறதுக்கு முன்னாடியே டாக்டர்கிட்ட சொல்லணும், பின்னாடி சொன்னா போட்டதுலதான் ஆச்சான்னு ஒரு கொழப்பம்.

வலிப்பு வந்தவங்க, கரண்ட் ஷாக் அடிச்சவங்க இவங்களுக்குத் தோள் பின்பக்கமா விலகலாம். இது ரொம்ப ஏமாத்துற வகை. நேரா நிக்க வச்சு ஒரு ஃபிலிம் எடுத்தா கிட்டத்தட்ட சரியா இருக்குற மாதிரியே தெரியும், எலும்புத்தலை மட்டும் பல்பு மாதிரி உருண்டையாத் தெரியும், பழகாத கண்ணுக்கு அது தப்பிப் போயிடும். பக்கவாட்டுல இன்னொரு ஃபிலிம் எடுத்தாத்தான் தெரியும். அதனால வலிப்பு வந்துச்சு, ஷாக் அடிச்சுச்சுன்னா எக்ஸ்ரே ரூம்லயும் அத வாயத் தெறந்து சொல்லுங்க. "தோள் வலி"ன்னு சீட்டுல எழுதியிருந்தா எங்களுக்கு எப்படித் தெரியும்?

தலையில அடி, கழுத்து வலி, மூச்சுத் திணறல், எலும்பு வெளிய தெரியுற காயம் இதெல்லாம் கூட இருந்தா தோள் ரெண்டாம் பட்சம், ஆம்புலன்ஸ வரவழைங்க.

டீ குடுக்காதீங்க

போற வழியில பண்ண வேண்டியது கொஞ்சம்தான். கை எந்த நெலமையில வலி கம்மியா இருக்கோ அப்படியே விடுங்க, நேராக்கப் பாக்காதீங்க. கைக்கும் ஒடம்புக்கும் நடுவுல ஒரு தலகாணி இல்ல சுருட்டின சால்வைய வச்சு, துப்பட்டாவோ வேட்டியோ எடுத்து தூளி மாதிரி கட்டுங்க. மோதிரம், வளையல், வாட்ச்ச ஒடனே கழட்டிடுங்க, வீங்கினப்புறம் வெட்டித்தான் எடுக்கணும். எண்ணெய் போட்டு உருவக் கூடாது. குளிர்ல நடுங்கினா தசை இன்னும் இறுகும், கம்பளி போத்தி விடுங்க.

ஸ்வெட்டர் ஒரு தனிக் கதை. நம்மூர்ல எல்லாரும் சட்டை, ஸ்வெட்டர், ஜெர்கின்னு மூணு அடுக்குல வருவாங்க, எக்ஸ்ரேக்கு அத எடுத்தாகணும், தலை வழியா கழட்டுனா செத்துடுவாங்க. நல்ல கை மொதல்ல, அப்புறம் தலை, கடைசியா அடிபட்ட கை, அதுக்கும் முடியலன்னா கத்திரி. ஒரு காலேஜ் பையன், வலியில பல்லக் கடிச்சுட்டு அழாம வந்தவன், நான் கத்திரிய எடுத்ததும் "அண்ணா, அம்மா பின்னுனது"ன்னு அழுதுட்டான். நர்ஸ் அக்கா இருபது நிமிஷம் நின்னு தையல் ஓரமா நூலப் பிரிச்சு எடுத்தாங்க.

இப்ப டீ. இங்க யாருக்கு என்ன ஆனாலும் மொதல்ல ஒரு டம்ளர் சூடா டீ, அப்புறம் ஒரு பன்னு. நல்ல மனசுதான். ஆனா தோள் போடுறப்ப பல பேருக்கு செடேஷன் குடுப்பாங்க, அதாவது முழு மயக்கம் இல்லாம அரைத்தூக்கத்துல வைக்கிற ஊசி. வயித்துல ஏதாச்சும் இருந்தா வாந்தி எடுத்து அது மூச்சுக்குழாய்ல போற ஆபத்து இருக்கு, அதனால சாப்பிட்டவங்கள சில சமயம் மணிக்கணக்கா காக்க வைப்பாங்க. நீங்க பாசமாக் குடுத்த டீதான் அவர அங்க ஒக்கார வச்சுருக்கும். தண்ணி கேட்டா ஒதட்ட நனைச்சு விடுங்க.

வண்டில போறதா இருந்தா பைக் வேண்டாம். காருன்னா சீட் பெல்ட் எந்தத் தோள் மேல வருதுன்னு பாருங்க, வலது தோள்னா டிரைவர் பக்கத்து சீட், இடது தோள்னா டிரைவருக்குப் பின்னாடி சீட், அப்பத்தான் பெல்ட் நல்ல தோள் மேல விழும்.

உள்ள கூட்டிட்டுப் போய் என்ன பண்ணுவாங்க

மூட்ட இடத்துல போடுறதுக்கு ரிடக்ஷன்னு பேரு. முறை நெறைய இருக்கு. சிலர் படுக்க வச்சு முழங்கைய ஒடம்போட ஒட்டி வச்சு மெதுவா, ரொம்ப மெதுவா கைய வெளிப்பக்கம் திருப்புவாங்க. சிலர் குப்புறப் படுக்க வச்சு கையத் தொங்கவிட்டு எடை கட்டுவாங்க. சிலர் அக்குள் வழியா ஒரு பெட்ஷீட்டச் சுத்தி ஒருத்தர் அந்தப் பக்கம் புடிச்சுக்க இன்னொருத்தர் இந்தப் பக்கம் சீரா இழுப்பாங்க. கோக்கர்னு ஒரு சுவிட்சர்லாந்து டாக்டர் 1870ல சொன்ன முறை ஒண்ணு உண்டு, அவருக்கு 1909ல நோபல் பரிசு கெடச்சது, ஆனா தோளுக்கு இல்ல, தைராய்டுக்கு. எல்லா முறைக்கும் பொதுவான விஷயம் ஒண்ணுதான், தசை தளரணும், அது தளர்ற வரைக்கும் காத்திருக்கணும். வலி ஊசி, சில எடத்துல மூட்டுக்குள்ளயே மரத்துப்போற மருந்து, தேவைப்பட்டா செடேஷன், எல்லாமே அதுக்குத்தான்.

உக்கார்றப்ப "டொக்"னு ஒரு சத்தம் கேக்கும், சில சமயம் கேக்காமலும் உக்காரும். அந்த நொடியில ஆளோட மொகத்தப் பாக்கணும். அஞ்சு நிமிஷம் முன்னாடி யாரையும் தொட விடாதவர் "அவ்ளோதானா?"ன்னு கேப்பார். அதுக்கப்புறம் திரும்ப என் ரூமுக்கு அனுப்புவாங்க, ரெண்டாவது ஃபிலிம். இதுவும் காசு புடுங்க இல்ல, சரியா உக்காந்துச்சா, மொத ஃபிலிம்ல மறைஞ்சிருந்த ஒடைவு ஏதாச்சும் இருக்கான்னு பாக்க.

சுருக்கமா, ஃபிலிம், ஊசி, போடுறது, திரும்ப ஃபிலிம், கையத் தொட்டு நாடியும் உணர்ச்சியும் பாக்குறது. இது அத்தனையும் ஒரே எடத்துல நடக்கணும், அதனாலதான் அந்த மூணு கேள்விய போன்ல கேக்கச் சொன்னேன்.

காசும் காயிதமும்

அரசு ஆஸ்பத்திரில இதுக்கு செலவு இல்ல. ரோட்டு விபத்துன்னா 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48 திட்டம் இருக்கு, மொத 48 மணி நேர சிகிச்சை பட்டியல்ல இருக்குற தனியார் ஆஸ்பத்திரிலயும் இலவசம், வெளி மாநிலத்துல இருந்து டூர் வந்து விழுந்தவங்களுக்கும் உண்டு. பின்னாடி ஆபரேஷன்னா முதலமைச்சர் காப்பீட்டு அட்டைய எடுத்துட்டுப் போய் மொதல்லயே கேளுங்க.

தோட்ட வேலையில விழுந்தா ஒண்ணு கண்டிப்பா பண்ணுங்க, கேஷுவாலிட்டில ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல என்ட்ரி போடச் சொல்லுங்க, ஏஆர்னு சொன்னா புரியும். எங்க, எத்தனை மணிக்கு, என்ன வேலையில விழுந்தீங்கன்னு அதுல வரணும். "வீட்டுல வழுக்கி விழுந்தேன்"னு சொல்லிடுன்னு யாராச்சும் சொல்லுவாங்க, சொல்லாதீங்க, நஷ்ட ஈடு கேக்குறப்ப அந்த ஒரு வரிதான் குறுக்க நிக்கும்.

போட்டு முடிச்சப்புறம்

வலி போயிடுச்சுன்னு மறுநாளே கூடையத் தூக்கக் கூடாது. மூட்டச் சுத்தி இருக்குற உறையும், சும்மாடு மாதிரின்னு சொன்னேனே அந்த லேப்ரமும் கிழிஞ்சிருக்கலாம், அது ஒட்டணும். பொதுவா ரெண்டு மூணு வாரம் தூளி, வயசானவங்களுக்கு அதவிடக் கம்மி, ஏன்னா அவங்க தோள் சீக்கிரம் இறுகிடும். விரல், மணிக்கட்டு, முழங்கை மூணையும் மொத நாளே அசைக்கணும். அப்புறம் பிசியோ. ஊட்டி வரைக்கும் பஸ் ஏற முடியாதுன்னா உங்க ஏரியா சுகாதார நிலையத்துல மக்களைத் தேடி மருத்துவம் பிசியோகாரங்க வர்றாங்களான்னு கேளுங்க.

நாப்பது தாண்டினவங்களுக்கு ரொட்டேட்டர் கஃப் கிழிஞ்சிருக்க வாய்ப்பு ஜாஸ்தி. ரெண்டு வாரம் ஆகியும் கை தானா மேல வரலன்னா அத வலின்னு விடாம ஸ்கேனுக்குக் கேளுங்க. இருபது வயசச் சுத்தி இருக்குற பசங்களுக்குப் பிரச்சனை வேற, அவங்களுக்குத் திரும்பக் கழல்ற வாய்ப்பு பாதிக்கும் மேல. ரெண்டாவது தடவை, மூணாவது தடவைன்னு ஆனா சில பசங்க தானே போட்டுக்கப் பழகிடுவாங்க, பசங்க முன்னாடி பந்தாவாவும் காட்டுவாங்க. ஒவ்வொரு தடவையும் எலும்பு கொஞ்சம் தேயுதுன்னு யாரும் அவங்ககிட்ட சொல்றதில்ல. இவங்கதான் கோயமுத்தூர் போக வேண்டியவங்க, ராத்திரில அலறிட்டு இல்ல, ஒரு நாள் காலையில அப்பாயின்ட்மென்ட் வாங்கிட்டு, தோள் ஆபரேஷன் பண்ற எலும்பு டாக்டர்கிட்ட.

போறப்ப போடுறதுக்கு முன்னாடி எடுத்த ஃபிலிம், பின்னாடி எடுத்த ஃபிலிம் ரெண்டையும் எடுத்துட்டுப் போங்க. மடிக்காதீங்க, சுருட்டாதீங்க, ரெண்டு பழைய காலண்டர் அட்டைக்கு நடுவுல வச்சு கயிறு கட்டிக்குங்க, மழைக்கு மேல ஒரு பிளாஸ்டிக் கவர்.